ஆண்டு மாறும் வேளையில் யாழ்ப்பாணத்து வளவுகளில் பறவை பார்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி நடுப்பகுதியில் மழை ஓயத் தொடங்குவதிலிருந்து தை முடியும் வரை உள்ள காலம், குடாநாட்டில் பறவை பார்ப்பவர்களுக்கு ஆண்டின் மிகச் செழிப்பான காலமாகும். இந்த நாட்களில் அயலவர்களும் மாணவர்களும் விடுமுறைக்கு ஊர் வந்திருப்பவர்களும் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன. வீட்டு வளவிலிருந்து தொடங்கி, பின்னர் வயலுக்கும் தரவை என்னும் திறந்த புல்வெளிக்கும் கடல்நீரேரிக்கும் போகும் ஒழுங்கில் அவை அமைந்துள்ளன.

மார்கழியும் தையும் ஏன் இவ்வளவு சிறப்பான காலம்?

இமயமலைச் சாரலிலும் மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் குளிர் இறங்கும்போது அங்கே பூச்சிகள் அருகி, நீர்நிலைகள் உறைந்துவிடுகின்றன. அங்கே குஞ்சு பொரித்த பறவைகள் இரை தேடித் தெற்கே வருகின்றன. மத்திய ஆசிய வலசைப் பாதை என்று அறியப்படும் பெரும் வழியின் தென்முனை இலங்கைதான். இலங்கைக்குத் தெற்கே தென்முனைக் கண்டம் வரை வேறு பெருநிலம் இல்லை என்பதால், இங்கு வந்த பறவைகளில் பெரும்பாலானவை இங்கேயே தங்கிவிடுகின்றன. கோடிக்கரைப் பக்கமாக வந்து பாக்கு நீரிணையைக் கடக்கும் பறவைகளுக்கு எங்கள் குடாநாடும் தீவுகளும் முதலில் எதிர்ப்படும் தரைகளுள் அடங்கும்.

இவை எல்லாம் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. கரையோரச் சேற்றில் இரை தேடும் உள்ளான்கள் ஓகஸ்ட் இறுதியிலேயே தலைகாட்டத் தொடங்கும். கீச்சானும் நீலவால் பஞ்சுருட்டானும் செப்டெம்பரில் வரும். ஆறுமணிக் குருவி ஒக்டோபரில் வரும். காட்டுத் தாராக்கள் அதன் பின்னர்தான் பெருந்தொகையாகச் சேரும். ஆண்டு மாறும்போது வரவேண்டியவை வந்து தமக்கென்று இடம் பிடித்திருக்கும், திரும்பிப் போகும் பயணமோ இன்னும் தொடங்கியிருக்காது. மழையால் குளங்களும் கேணிகளும் நிரம்பி, பூச்சி புழுக்கள் பெருகியிருப்பதால் உள்ளூர்ப் பறவைகளும் சுறுசுறுப்பாக இருக்கும்.

வளவை விட்டு வெளியே போகாமலே வலசைப் பறவைகளைப் பார்க்க முடியுமா?

நிச்சயமாக முடியும். புதிதாகத் தொடங்குபவர்கள் வளவிலேயே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பூநாரையைப் பார்க்க வேண்டும் என்று சுண்டிக்குளம் வரை போகிறவர்களில் பலர், தங்கள் கிணற்றடி வாழைக்குப் பின்னால் ஐந்தாறு மாதம் குடியிருக்கும் விருந்தாளியை ஒருமுறையேனும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த விருந்தாளிதான் ஆறுமணிக் குருவி. பச்சை முதுகும், சந்தன நிற மார்பும், வாலடியில் சிவப்பும், கண்ணை ஒட்டிய கரிய பட்டையும் கொண்ட, வால் குட்டையான பறவை அது. மத்திய இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் கூடு கட்டிவிட்டு, தெற்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. இவ்வளவு நிறம் இருந்தும் நிழலில் சருகைக் கிளறிக்கொண்டு நிலத்திலேயே திரிவதால் எளிதில் கண்ணில் படாது. விடியும் வேளையிலும் பொழுது சாயும் வேளையிலும் அது எழுப்பும் இரட்டைச் சீழ்க்கையைக் கேட்டு, அந்தத் திசையில் சற்றுப் பொறுமையாக நின்றால் காணலாம். ஒரு வளவில் ஒன்று கூப்பிட்டால், சற்றுத் தள்ளி அடுத்த வளவிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். அவை குளிர்காலத்திலும் தமக்கென்று எல்லை வைத்துக் காப்பதனாலேயே இவ்வாறு கூப்பிடுகின்றன.

வேலியின் உச்சிக் கிளையிலோ வெட்டிவிட்ட கிளுவைக் கதியாலிலோ தனித்து உட்கார்ந்து, தொண்டையைக் கீறுவது போன்ற ஒலியெழுப்பும் பழுப்புக் கீச்சான் அடுத்தது. கண்ணுக்குக் குறுக்கே கரிய பட்டை, கொக்கி போல வளைந்த அலகு ஆகிய இரண்டும் போதும், வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. மின்கம்பிகளில் வரிசையாக இருந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்துவிட்டு மீண்டும் கம்பிக்கே திரும்புவது பஞ்சுருட்டான். ஆண்டு முழுவதும் இங்கிருப்பது சிறிய பச்சைப் பஞ்சுருட்டான், விருந்தாக வருவது அதனைவிடப் பெரிய நீலவால் பஞ்சுருட்டான். மாமர நிழலில் பெரிய கண்ணோடு அசையாமல் இருக்கும் சாம்பல் கலந்த பழுப்பு நிறச் சிறுகுருவி, பழுப்பு ஈப்பிடிப்பான் ஆகும்.

அரசவால் ஈப்பிடிப்பானைக் காணும் பேறு கிடைத்தால் அதன் நிறத்தைக் கவனியுங்கள். இலங்கையில் நிலையாக வாழும் இனத்தின் ஆண் பறவை வாழ்நாள் முழுவதும் செம்பழுப்பாகவே இருக்கும். வெள்ளை நாடா போன்ற நீண்ட வாலோடு ஓர் ஆண் பறவை உங்கள் முற்றத்து மரத்தில் இருந்தால், அது கடல் கடந்து வந்தது என்பதில் ஐயம் வேண்டாம்.

ஒவ்வோர் ஆண்டும் வருவது அதே பறவைதானா?

பல சமயங்களில் அதே பறவைதான். காலில் வளையமிட்டு ஆராய்ந்த இடங்களில், பழுப்புக் கீச்சான் முந்தைய குளிர்காலத்தில் தங்கிய அதே இடத்துக்கு மீண்டும் வருவது பதிவாகியுள்ளது. வேறு பல வலசைப் பறவைகளுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. வளையமிடாத பறவையை அதே பறவை என்று நிறுவ முடியாது. ஆனாலும் ஆண்டுதோறும் ஒரே வேலியில் ஒரே கிளையை ஒரு கீச்சான் பிடித்துக்கொள்ளுமானால், அந்த வேலியை அடுத்த செப்டெம்பருக்கும் அப்படியே வைத்திருக்க வேண்டிய பொறுப்பு எங்களுக்கு உண்டு.

பறவைகளை வரவழைக்கச் சோறும் தானியமும் வைக்கலாமா?

காகத்துக்குச் சோறு வைப்பது எங்கள் வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் சோற்றுக்கு வருபவை காகமும் மைனாவும் புலுனியும் அணிலும்தான். மேலே சொன்ன விருந்தாளிகள் எல்லாம் பூச்சியும் புழுவும் தின்பவை, அவற்றுக்குச் சோறு இரையாகாது. அவற்றுக்கு வேண்டியது சருகு.

இந்த இடத்தில் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொங்கலுக்கு முன்னர் வளவை அடிமுடி கூட்டி, குப்பையைக் குவித்துக் கொளுத்துவது எங்கள் வீடுகளில் நடப்பதுதான். முற்றத்தைக் கூட்டுவதில் குறையில்லை. கோடிப்புறத்தில், வாழைக்கும் மாவுக்கும் கீழே, ஒரு பகுதிச் சருகையாவது கூட்டாமலும் கொளுத்தாமலும் விட்டால், அதற்குள் மண்புழுவும் கறையானும் வண்டும் பெருகும், ஆறுமணிக் குருவிக்கு அதுவே விளைநிலம். அந்தச் சருகு மண்ணுக்கும் உரமாகிறது.

வேலியும் அத்தகையதே. பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் ஆமணக்கும் சேர்ந்த உயிர்வேலி, பறவைக்கு உணவும் மறைவும் பார்வைமேடையும் ஆகும். முள்முருக்குப் பூக்கும் காலத்தில் மைனாவும் கரிச்சானும் தேன்சிட்டும் சோளக்குருவிகளும் அதில் மொய்ப்பதைப் பார்த்தவர்கள் அந்த மரத்தை வெட்ட மனம் கொள்ள மாட்டார்கள். காணிக்குக் காணி மதில் எழுந்து வருவதற்குக் காரணங்கள் உண்டு. பாதுகாப்பும், ஆண்டுதோறும் வேலியடைக்கும் செலவும், ஆள் கிடையாமையும் மெய்யான சிக்கல்கள். எனினும் நான்கு பக்கமும் மதில் கட்டுபவர்கள் பின்புற எல்லை ஒன்றையாவது உயிர்வேலியாக விட்டுவைக்கலாம், அல்லது மதிலின் உட்பக்கமாக ஒரு வரிசை மரம் நடலாம். ஒரு ஒழுங்கையில் நாலைந்து வீட்டார் இப்படிச் செய்தால், பறவைகள் வளவுக்கு வளவு மறைவாகக் கடந்து போக ஒரு வழி கிடைத்துவிடும்.

தண்ணீர் வைப்பதானால், மாரியில் அதற்கு அவ்வளவு தேவையில்லை. மாசி பிறந்து வெயில் ஏறியதும், ஆழம் குறைந்த மண் சட்டி ஒன்றில் வைத்து, நாளும் மாற்றுங்கள்.

எந்த நேரத்தில் பார்ப்பது நல்லது?

ஜனவரித் தொடக்கத்தில் எங்கள் பகுதியில் சூரியன் ஏறக்குறைய 6.30க்கு எழுகிறது. அதற்கு அரை மணி முன்னரே ஒலிகள் தொடங்கிவிடும். அப்போதிருந்து 9 மணி வரையும், மாலை 4 மணிக்குப் பின்னரும் பார்ப்பது நல்லது. திருவெம்பாவை நாட்களில் சங்கும் சேமக்கலமும் கேட்டு இருட்டோடு எழும்பும் வீடுகளுக்கு இது எளிது. கோயிலுக்குப் போகும் வழியிலேயே ஆந்தையின் குரலும் ஆட்காட்டியின் குரலும் கேட்கும். பனி மூட்டமான காலைகளில் பறவைகள் வெளிப்படச் சற்றுத் தாமதமாகும் என்பதால் காத்திருக்க வேண்டும்.

வீட்டருகே ஆந்தை கத்துகிறது. துரத்த வேண்டுமா?

வேண்டாம். வெள்ளை முகமுடைய கூகை பழைய கட்டடங்களிலும் கோபுர மாடங்களிலும் தங்கி, இரவில் எலி பிடிக்கிறது. நெல்லும் வெங்காயமும் சேமிக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல காவல் இல்லை. அதன் குரலைச் சாவோடு தொடர்புபடுத்திக் கல்லெறிவது பறவைக்குச் செய்யும் பெரும் அநீதியாகும்.

பைனாகுலர் இல்லாமல் பார்க்க முடியுமா? வாங்குவதானால் எது?

வளவுக்கு வெறுங்கண் போதும். கடல்நீரேரிக்குப் போவதானால் பைனாகுலர் தேவைப்படும். 8×42 என்று குறிக்கப்பட்டதை வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும் என்பதையும், இரண்டாவது எண் முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீற்றரிலும் குறிக்கும். பத்து மடங்குக்கு மேற்பட்டவை கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெருக்குவதால் தொடக்கத்தில் உதவா. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினர் என்ன கொண்டுவர என்று கேட்டால், சொக்லேட்டுக்குப் பதிலாக இதைக் கேட்கலாம். பயன்படுத்திய பைனாகுலராக இருந்தாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பலருக்குப் பயன்படும்.

இலங்கைக்கே உரிய பறவைகள் யாழ்ப்பாணத்தில் உண்டா?

அவற்றில் பெரும்பாலானவை தென்மேற்கு ஈரவலயக் காடுகளிலும் மலைநாட்டிலும் வாழ்பவை. ஆனால் தெற்கே உள்ளவர்கள் எங்கள் பக்கம் வந்தால் மட்டுமே பார்க்கக்கூடிய பறவைகளும் இருக்கின்றன. கவுதாரி வடக்கிலும் வடமேற்குக் கரையோர வறள் நிலத்திலும்தான் வாழ்கிறது. பற்றைகளுக்கிடையில் அதன் குரல் காலையில் தொடர்ச்சியாக ஒலிக்கும். மாட்டின் முதுகில் ஏறி வரும் கரிய கரிச்சானும், கழுத்தில் கரிய வளையம் இட்ட வெளிர்ந்த கள்ளிப்புறாவும் இலங்கையில் பெரும்பாலும் வடக்கு, வடமேற்குப் பகுதிகளுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

எல்லாவற்றிலும் எனக்கு மிக விருப்பமானது எங்கள் மரங்கொத்தி. தென்னிலங்கையில் உள்ள மரங்கொத்தியின் முதுகு சிவப்பு. எங்கள் பனையிலும் தென்னையிலும் ஏறுவதன் முதுகு பொன்மஞ்சள். இந்த வடக்கத்திப் பிரிவுக்கு அறிவியலார் இட்ட பெயரிலேயே யாழ்ப்பாணம் இருக்கிறது: ‘யாஃப்னென்ஸே’. இரண்டும் சந்திக்கும் இடைநாட்டில் கலப்பாகி, செம்மஞ்சள் முதுகோடு உள்ளவையும் காணப்படுகின்றன. அடுத்த முறை கிணற்றடித் தென்னையில் தட்டும் ஒலி கேட்டால் நிமிர்ந்து பாருங்கள்.

பனை உள்ள வளவுகளில் பனை உழவாரனையும் தேடலாம். ஓலையின் அடிப்புறத்தில் இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டிக் கூடு அமைக்கும் இந்தச் சிறு பறவை, பகல் முழுவதும் வானத்திலேயே வட்டமிட்டுப் பூச்சி பிடிக்கும். வடலி வளர்ந்து பனையாக விட்டால் அதற்கும் வீடு உண்டு.

வளவுக்கு வெளியே, ஒரு காலைப்பொழுதில் எங்கே போகலாம்?

நகரில் இருப்பவர்களுக்குப் பண்ணைப் பாலத்தைவிட எளிதான இடம் இல்லை. கோட்டைப் பக்கமிருந்து மண்டைதீவுச் சந்தி வரை வீதியின் இரு மருங்கும் ஆழமற்ற நீர்தான். நெடுங்கால் உள்ளான், கொக்கு வகைகள், கூழைக்கடா, மீசை ஆலா ஆகியவற்றை வீதியில் நின்றபடியே பார்க்கலாம். தை மாதத்தில் சூரியன் தென்கிழக்கே சாய்ந்து எழுவதால், காலையில் போனால் வடமேற்குப் பக்க நீரையும் மாலையில் தென்கிழக்குப் பக்க நீரையும் பாருங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால்தான் நிறம் தெரியும். வாகனங்கள் விரைந்து போகும் வீதி என்பதால் சைக்கிளை ஓரத்தில் நன்றாக ஒதுக்கி நிற்க வேண்டும்.

தொடர்ந்து போனால் வேலணையின் தரவைகளும், அதற்கப்பால் புங்குடுதீவும் குறிகட்டுவான் இறங்குதுறையும் வரும். இறங்குதுறையில் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் வள்ளங்களைச் சுற்றி மிக அருகில் பறக்கும். கடற்காகத்தை முதன்முதலாகக் கற்பவர்களுக்கு அது நல்ல பள்ளிக்கூடம்.

வலிகாமம் மேற்கில் இருப்பவர்கள் பொன்னாலையிலிருந்து காரைநகர் போகும் பாலத்துக்கும் அராலி வெளிக்கும் போகலாம். வடமராட்சிக்கு வல்லை வெளியும் தொண்டைமானாற்றுப் பக்கமும் இருக்கின்றன; வல்லையில் காற்று பலமாக அடிக்கும், ஆனால் பூனைப்பருந்து தரையை ஒட்டித் தாழப் பறந்து இரை தேடுவதைக் காண அந்தத் திறந்த வெளியே ஏற்றது. தென்மராட்சியில் சரசாலைக் குருவிக்காடு கண்டல் மரங்களில் பறவைகள் தங்கும் இடமாக ஊரவர் நன்கு அறிந்தது. மாலையில் போய், மரங்களை நெருங்காமல் தொலைவில் நின்று, கொக்குகளும் நாரைகளும் வந்து அடைவதைப் பார்க்க வேண்டும். செம்மணி, நாவற்குழிப் பக்க வயல்களில் நெல் முற்றும் வேளையில் தகைவிலான்கள் கூட்டமாகத் தாழப் பறக்கும். காலபோக அறுவடை முடிந்ததும் அதே வயல்களில் சிந்திய நெல்லுக்குப் புறாக்களும் சில்லைகளும் இறங்கும்.

முழு நாள் கிடைத்தால் ஆனையிறவைக் கடந்து சுண்டிக்குளம் போகலாம். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இடம் அது. தேசிய பூங்கா என்பதால் வனசீவராசிகள் திணைக்களத்தின் விதிகளுக்கு உட்பட்டே உள்ளே போக வேண்டும்.

பூநாரைகள் எப்போது வரும்?

இதற்கு நாட்காட்டியைவிட நீர்மட்டமே சரியான விடை தரும். மழை உச்சத்தில் கடல்நீரேரி நிரம்பி ஆழம் கூடிவிடுவதால், காலூன்றி நின்று மேயும் பறவைகளுக்கு இடம் குறைந்து, அவை வயல்களுக்கும் தரவைகளின் மழைத் தேக்கங்களுக்கும் சிதறிப் போகின்றன. மழை ஓய்ந்து நீர் வற்றத் தொடங்க, சேற்றுத் திடல்கள் வெளிப்பட்டு, எல்லாம் மீண்டும் கடல்நீரேரியில் ஒன்று கூடும். ஆகவே மார்கழியில் வெறுமையாகக் கிடந்த இடம் தை இறுதியிலும் மாசியிலும் நிறைந்திருக்கக் காணலாம். எங்கள் கடல்நீரேரியில் வற்றுப்பெருக்கு மிகச் சிறியது. காற்று எந்தப் பக்கம் நீரை ஒதுக்குகிறது என்பதே எந்தத் திடல் வெளிப்படும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

நாமத்தலைத் தாரா, ஊசிவால் தாரா போன்ற காட்டுத் தாராக்கள் நடுநீரில் பெருங்கூட்டமாக மிதப்பவை. அவற்றை நோக்கி வள்ளத்தில் போவதும், கூட்டம் எழும்புவதைப் படமெடுக்கக் கல்லெறிவதும் செய்யத்தகாதவை. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்த பறவை, திரும்பிப் போக வேண்டிய கொழுப்பை இங்கேதான் உடலில் சேர்க்கிறது. அவை ஒவ்வொரு முறை வீணாக எழும்பும்போதும் அந்தச் சேமிப்புக் குறைகிறது.

சேற்றில் ஓடும் சிறு உள்ளான்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. எப்படிப் பிரித்தறிவது?

குளிர்காலத்தில் அவை பெரும்பாலும் சாம்பலும் வெள்ளையுமாகவே இருக்கும், இனப்பெருக்கக் கால நிறம் பங்குனி, சித்திரையில்தான் ஏறும். ஆகையால் நிறத்தை விட்டுவிட்டு, அலகு, கால், நடை ஆகிய மூன்றையும் பாருங்கள். குட்டை அலகோடு சில அடி ஓடி, நின்று, குனிந்து கொத்தி, மீண்டும் ஓடுவது கொட்டான் வகை. நிற்காமல் தையல் ஊசி போலச் சேற்றைக் குத்திக்கொண்டே போவது உள்ளான் வகை. அலகு நுனி கீழ்நோக்கி வளைந்திருந்தால் வளைமூக்கு உள்ளான், மிகச் சிறிதாகவும் நேரான குட்டை அலகோடும் இருந்தால் கொசு உள்ளான். கல்லையும் பாசியையும் புரட்டிப் பார்ப்பது கல்திருப்பி. கோழியளவு பெரிதாய், கீழ்நோக்கி வளைந்த மிக நீண்ட அலகோடு இருப்பது கோட்டான் (ஆந்தையைக் குறிக்கும் கோட்டான் அல்ல). இவ்வளவு போதும், மற்றவற்றை அடுத்த ஆண்டுக்கு விடலாம்.

கமராவோடும் பைனாகுலரோடும் திரிவதில் சிக்கல் வருமா?

இராணுவ, கடற்படை முகாம்கள், விமான நிலையச் சுற்றுப்புறம், காவலரண்கள் ஆகியவற்றை நோக்கி இரண்டையும் திருப்பாதீர்கள். யாராவது கேட்டால் பறவை பார்ப்பதாகச் சொல்லி, எடுத்த படத்தையும் குறிப்பேட்டையும் காட்டுங்கள். தனியார் காணிக்குள் இறங்குவதற்கு முன் வீட்டாரிடம் கேளுங்கள். விடியற்காலையில் ஒருவரின் வேலியோரம் பைனாகுலரோடு நிற்பது எந்த வீட்டாருக்கும் உறுத்தும். கண்ணிவெடி அகற்றும் எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களிலும், நெடுங்காலம் கைவிடப்பட்டுக் கிடக்கும் பற்றைகளிலும், ஊரவர் நடக்கும் பாதையை விட்டு ஓரடியும் விலகக் கூடாது. எவ்வளவு அரிய பறவையானாலும் இதில் விலக்கு இல்லை.

ஆறுமணிக் குருவி ஒன்று வீட்டுக்குள் வந்து விழுந்துவிட்டது. என்ன செய்வது?

அது இரவில் பறக்கும் பறவை. கடல் கடந்த களைப்போடு, வெளிச்சத்தால் திசை தடுமாறி, கண்ணாடியிலும் சுவரிலும் மோதி விழுவது ஒக்டோபர், நவம்பரில் கூடுதலாகவும் பின்னர் எப்போதாவதும் நடக்கும். காற்றுத் துளையிட்ட மட்டைப் பெட்டியொன்றில் துணி விரித்து, அதில் மெல்ல வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வைத்துவிடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். சில மணி நேரத்தில் தேறிவிட்டால், நாயும் பூனையும் வராத பற்றையருகே, விடியலிலோ மாலையிலோ பெட்டியைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். சிறகோ காலோ முறிந்திருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அருகிலுள்ள அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அழகாக இருக்கிறதென்று கூட்டில் அடைத்து வளர்க்க நினைப்பது தவறு. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இலங்கையின் காட்டுப் பறவைகளில் மிகப் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கிறது.

பட்டமும் வெடியும் பறவைகளைப் பாதிக்கின்றனவா?

பாதிக்கின்றன. மார்கழி, தை என்றால் எங்கள் வானம் பட்டங்களுக்குரியது. பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்க்கத் திரளும் மக்களில் நானும் ஒருவன், அந்தக் கலையைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் சிறிதும் இல்லை. குற்றம் பட்டத்தில் இல்லை. அறுந்து பனையிலும் மின்கம்பியிலும் மாதக்கணக்கில் தொங்கும் நைலோன் நூலில் இருக்கிறது. அது உக்குவதில்லை. கொக்கும் வௌவாலும் காகமும் அதில் சிறகு சிக்கித் தொங்கி இறக்கின்றன. அறுந்த நூலை இயன்றவரை சுற்றி எடுத்து வருவதும், பறவைகள் அடையும் மரங்களுக்கு அருகில் பட்டம் ஏற்றாமல் விடுவதும் சிறுவர்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுக்கக்கூடியவை. வெடியைப் பொறுத்தவரை, ஆண்டுப் பிறப்பு நள்ளிரவில் கண்டல் காட்டுக்கும் குளக்கரை மரங்களுக்கும் அருகில் கொளுத்துவதைத் தவிர்த்தாலே பெரும் உதவியாகும். இருட்டில் மிரண்டு எழும் பறவை கம்பியில் மோதும்.

ஆண்டு மாறும் வேளையில் பறவை எண்ணும் வழக்கம் எப்படி வந்தது? நாங்களும் சேரலாமா?

அமெரிக்காவில் நத்தார் நாளன்று அணி பிரிந்து பறவைகளைச் சுட்டு விளையாடும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அதற்கு மாற்றாக, சுடுவதை விட்டு எண்ணுவோம் என்று பிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் 1900ஆம் ஆண்டு நத்தாரன்று ஒரு கணக்கெடுப்பைத் தொடக்கினார். அன்று பங்குபற்றியவர்கள் 27 பேர். அது இன்றுவரை தொடர்கிறது. ஆசியாவில் 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகளை எண்ணுகிறார்கள். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்டதையும் கேட்டதையும் பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் (eBird) இணையத்தளத்தில் பதிவதே முறை. பெப்ரவரியில் உலகளவில் நடக்கும் வீட்டுமுற்றக் கணக்கெடுப்பும் இதே முறையிலானது.

பொங்கல் எங்களுக்கும் உரிய நாள். பானை பொங்கிப் படைத்த பின்னர், முற்றத்தில் இருந்தபடியே அந்த 15 நிமிடத்தைக் கொடுக்கலாம். பறவையின் பெயர், தொகை, நேரம், இடம், மழையா வெயிலா என்பதை எழுதுங்கள். அடையாளம் தெரியாததைத் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள், ஊகித்து எழுதினால் முழுக் குறிப்பும் பயனற்றுப் போகும். காகத்தையும் மைனாவையும் விடாமல் எண்ண வேண்டும், ஏனெனில் இன்று மலிந்தது நாளை அருகும்போது அதற்கு முன் எவ்வளவு இருந்தது என்று சொல்ல இந்தக் குறிப்புகளே இருக்கும். போர்க்காலத்தின் நீண்ட ஆண்டுகளில் எங்கள் பகுதியில் இத்தகைய தொடர்பதிவுக்கு வாய்ப்பு மிகக் குறைவாகவே இருந்தது. அதனாலேயே, இன்று ஒரு மாணவன் கோண்டாவிலிலோ கைதடியிலோ இருந்து எழுதும் எளிய பட்டியலுக்கும் மதிப்பு மிக அதிகம். கூடு இருக்கும் மரத்தின் சரியான இடத்தை மட்டும் பொதுவில் எழுதாமல் விடுங்கள்.

செயலிகளை நம்பலாமா?

கைபேசியில் ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் தொடக்கத்துக்கு உதவும், ஆனால் கண்ணால் உறுதிப்படுத்தாமல் அவற்றின் சொல்லைப் பதியக் கூடாது. அவற்றில் உள்ள ஒலியை உரக்க ஓடவிட்டுப் பறவையை வெளியே இழுப்பதும் கூடாது. தன் எல்லைக்குள் வேறொன்று புகுந்துவிட்டதென்று அது மேய்ச்சலை விட்டு அலையும்.

எவ்வளவு காலம் வரை பார்க்கலாம்?

மாசியில் சோளக்குருவிக் கூட்டங்களைப் பார்க்கலாம், சில ஆண்டுகளில் மிகுதியாகவும் சில ஆண்டுகளில் அரிதாகவும் வருபவை அவை. தாராக்கள் பங்குனியில் குறையும். சித்திரையில் ஆறுமணிக் குருவியும் கீச்சானும் பஞ்சுருட்டானும் புறப்பட்டுவிடும், சில இள உள்ளான்கள் மட்டும் ஆண்டு முழுவதும் கரையில் தங்கும். மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவி பொருத்திய கடற்காகம் ஒன்று வடமுனைப் பகுதி வரை போய்த் திரும்பியிருப்பதால், இவற்றின் பயண நீளம் இப்போது எங்களுக்கு ஓரளவு தெரிகிறது. உங்கள் வேலியில் கீச்சானை முதலில் கண்ட நாளையும் கடைசியாகக் கண்ட நாளையும் சுவர்க் கலண்டரில் குறித்துவைத்து, ஆண்டு முடிந்ததும் அந்தக் கலண்டரை எறியாமல் எடுத்துவையுங்கள்.